மை ஏறாத கடைசிப் பக்கம்

வெல்லாவெளிச் சந்தி தாண்டி, வயல் வட்டைக்கு நடுவே போகும் நேர்வீதியில் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் உதயரூபனின் வலது கண்ணுக்குள் முதல் கறுப்பு நூல் இறங்கியது. முன் கண்ணாடியில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்து வைப்பரைப் போட்டார். நூல் போகவில்லை. தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் கூடவே திரும்பியது. பிறகு அது தண்ணீரில் விழுந்த மைத்துளியைப் போலப் பிரிந்து விரிந்தது. வீதியும் வயலும் எதிரே வந்த உழவு மெசினும் அதற்குப் பின்னால் போய்விட்டன. பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"என்ன ட்ரைவர், ரயர் போயிட்டா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

மண்டூர்க்காரர். வயது ஐம்பது. இளந்தாரியாக ஸ்டியரிங்கைப் பிடித்தவர், அன்றைக்கு விட்டதுதான்.

கண் டொக்டர் முன்னால் மனைவி அன்னப்பூரணியும் பக்கத்தில் இருந்தாள். சீனி வருத்தம் கண்ணின் உள்நரம்பைத் தின்றுவிட்டது, உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது, வலது கண் இனித் திரும்பாது என்றார் டொக்டர். பிறகு கிளினிக் அட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

"ரெண்டாந்தரம் லேசர் பிடிக்க வரச் சொல்லியிருந்தமே. ஏன் வரல்ல?"

அன்னப்பூரணி திடுக்கிட்டுக் கணவனைப் பார்த்தாள். அந்த நாளில் விடியவே எழும்பிச் சோறு கட்டிக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவள் அவள். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் கேட்டாள்.

"அண்டைக்கு எங்க போனீங்க?"

"அக்கரைப்பத்துக்கு."

"என்னத்துக்கு?"

"ஒரு பழைய வீடு இடிக்கிறாங்க எண்டு சொன்னாங்க. சுவரில ரெத்னா கீறின மருதன் படம் ஒண்டு மாட்டியிருந்ததாம். அண்டைக்கே எடுக்காட்டி குப்பையோட போயிடும் எண்டு..."

"படம்," என்றாள் அன்னப்பூரணி. கிளினிக் அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மருதனை அறியாதவர்களுக்கு இது பைத்தியமாகத்தான் தெரியும். எண்பதுகளில் புளியந்தீவில் ஒரு சின்ன அச்சகத்திலிருந்து "வாவிச்சுடர்" என்ற மாத இதழ் வந்துகொண்டிருந்தது. அதன் நடுப்பக்கங்களில் "சுழியோடி மருதன்" என்ற சித்திரக்கதை. வரைந்தவர் நல்லரெத்தினம் என்ற சித்திரப் பாட வாத்தியார். படத்தின் மூலையில் ரெத்னா என்று கையெழுத்து வைப்பார். மருதனின் தம்பியை வாவிக்கடியில் இருக்கும் ஒரு கூட்டம் பிடித்துக்கொண்டு போய்விடும். மருதன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மாதா மாதம் கீழே இறங்குவான். ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் ஆழமாக. தொண்ணூறாம் ஆண்டு நடுவில் வந்த இதழில், மேலே கயிறு அறுந்துவிட்டது. அதே நேரத்தில் சேற்றுக்குள்ளிருந்து தம்பியின் கை நீண்டது மருதனுக்குத் தெரிந்தது. கீழே "தொடரும்" என்று போட்டிருந்தது.

தொடரவில்லை. அந்த ஆண்டு மறுபடி சண்டை தொடங்கிவிட்டது, எதுதான் தொடர்ந்தது? உதயரூபனுக்கு அப்போது பதினாறு வயது. வீட்டை விட்டு ஓடி, கோயில் மடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்த நாட்களில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து மருதனுக்கு என்ன நடந்திருக்கும் என்று கதைப்பார். ஒருவன் செத்துப்போனான் என்பான். இன்னொருவன் மீன் ஆகிவிட்டான் என்பான். உதயரூபன் மட்டும் முடிவு சொல்லமாட்டார். படம் வரட்டும், பார்க்கலாம் என்பார்.

சண்டை முடிந்த பிறகு, அந்த அச்சகக் கட்டடத்தை விற்றுவிட்டுக் கழிவுக் கடதாசிகளை லொறியில் ஏற்றினார்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்ற அந்த லொறியில் ஒரு சுருள் மட்டும் உதயரூபனுக்கு வேறுமாதிரித் தெரிந்தது. கேட்டதும் தந்துவிட்டார்கள். வீட்டில் விரித்தார். தடித்த வெள்ளை அட்டை, இதழில் வந்ததைவிட இரண்டு மடங்கு பெரியது. மருதன் இறங்கும் பக்கம் ஒன்று. இதழில் ஒரே கறுப்பாகக் கிடந்த தண்ணீர் இங்கே அப்படி இல்லை. தூரிகை இழுத்த இழுப்பு தெரிந்தது. மை தீரும் இடத்தில் கோடு நரைத்து, திரும்பத் தோய்த்த இடத்தில் தடித்தது. மருதனின் இடதுகைக்கு மேலே வெள்ளைப் பூச்சு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பூச்சுக்கடியில் இன்னொரு கை தெரிந்தது. அந்தக் கை மேலே நீண்டிருந்தது. வாத்தியார் அதை அழித்துவிட்டுக் கீழே நீட்டியிருக்கிறார்.

"அன்னம், இஞ்ச வந்து பார். மனிசன் மேல போக விட்டுப்போட்டு, மறுகா யோசிச்சிருக்கான் பார்!"

அவள் பார்த்தாள். "நல்லா இருக்கு," என்றாள். அப்போது அவளுக்கும் அது ஒரு சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருடம். பஸ் போகும் இடமெல்லாம் கேட்டார். நல்லரெத்தினம் வாத்தியார் தன் பக்கங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்திருந்தார். காத்தான்குடியில் ஸாஹிர் என்ற தையல்காரர் ஒரு பக்கத்தைத் துணி வெட்டும் மேசையில் விரித்திருந்தார். கத்தரி பட்ட கீறல் ஒன்று மருதனின் தோளில் இருந்தது. "இதுக்கா தம்பி இவ்வளவு தூரம் வந்தீங்க? கொண்டு போங்க, எனக்கு வேற மட்டை இருக்கு," என்று தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினார். களுவாஞ்சிகுடியில் ஒரு சலூனில் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பக்கங்கள். புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்து எடுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் ஒரு றங்குப்பெட்டிக்குள் வைத்து, வெள்ளம் வந்தாலும் தொடாத உயரத்தில் கல் அடுக்கி அதன்மேல் ஏற்றியிருந்தார்.

கடைசி அத்தியாயத்தை வாத்தியார் வரைந்திருந்தார், அது அச்சேறவில்லை, மகளிடம் இருக்கிறது என்று அச்சகத்தில் வேலைசெய்த ஒருவர் சொன்னார். மகள் யசோதினி புளியந்தீவில் தகப்பனின் வீட்டிலேயே இருந்தாள். உதயரூபன் மூன்று தரம் போனார். மூன்று தரமும் கேற்றுக்கு உள்ளே நின்றபடியே பதில் சொன்னாள்.

"விக்கிறதுக்கில்ல அண்ணன்."

"வாங்க வரல்ல தங்கச்சி. ஒருக்காப் பாத்திட்டுத் தாறன்."

"இப்பிடித்தான் கன பேர் சொல்லிக் கொண்டுபோனவங்க. ஒருத்தரும் திருப்பித் தரல்ல. அப்பா செத்த வீட்டிலயே எடுத்துக்கொண்டு போனாங்க."

நியாயம்தான் என்று திரும்பிவந்தார். அப்போது காலம் இருந்தது. இன்னும் இரண்டு வருடம் கழித்துக் கேட்கலாம் என்று நினைக்கக் கூடியதாக இருந்தது.

வலது கண் போய் நான்காம் மாதம் இடது கண்ணுக்குள்ளும் நூல் இறங்கியது. லேசர் பிடித்தார்கள். ஊசி போட்டார்கள். எவ்வளவு மிஞ்சும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். உதயரூபன் பகல் முழுவதும் கட்டிலில் பக்கங்களை விரித்துவைத்து, முகத்தைக் கடதாசியோடு ஒட்டிக்கொண்டு கட்டம் கட்டமாகப் பார்ப்பார். நேற்றுத் தெரிந்த பேச்சுக் குமிழ் இன்று தெரியாமல் போகும். கட்டத்தின் ஓரக் கோடு வளைந்து தெரியும். கோடு வளைந்ததா, கண் வளைத்ததா என்று விரலால் தடவிப் பார்ப்பார். ஒரு நாள் ஒரு பக்கத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்னப்பூரணி வந்து திருப்பி வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்குத்தான் அவர் முடிவெடுத்தார்.

"நான் புளியந்தீவுக்குப் போறன்."

"யாரோட?"

"நீ வாறயா?"

"நான் வரமாட்டன்," என்றாள் அன்னப்பூரணி. "கண்ணுக்கு மருந்து எடுக்க எண்டால் காவிக்கொண்டு போவன். அந்தப் படத்துக்கு வரமாட்டன். அதுதான் உங்கட கண்ணைத் திண்டது."

"சீனி திண்டது புள்ள."

"சீனி எல்லாருக்கும்தான் இருக்கு. எல்லாரும் கிளினிக்க விட்டுப்போட்டு அக்கரைப்பத்துக்கா போறாங்க?"

அவர் சேட்டை மாட்டிக்கொண்டு தனியாகப் புறப்பட்டார்.

மண்டூர்த் துறையிலிருந்து குருமண்வெளிக்கு வாவியைக் கடக்கப் பாதை என்ற மிதவை போகும். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகும் பெரிய தட்டு அது. ஆயிரம் தரம் ஏறியிறங்கிய இடம். ஆனால் அன்றைக்கு வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்ததில் தட்டு எங்கே முடிகிறது, வாவி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அக்கரையில் இறங்கக் கால் வைத்தார். கால் வைத்த இடத்தில் தட்டு இல்லை. இடுப்பளவு தண்ணீருக்குள் நின்றவரை இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். "குடிச்சிருக்கார் போல," என்று ஒருவன் சொன்னது கேட்டது. இத்தனை வருடம் ஊர் முழுக்கத் தன் கையை நம்பிப் பஸ்ஸில் ஏறியது அவருக்கு நினைவு வந்தது. ஈரக் களிசானோடு பஸ் ஏறினார்.

யசோதினி மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் வேலை செய்பவள். சனிக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தாள். அவள் கதவைத் திறந்து வந்தபோது, முழங்கால்வரை சேறு காய்ந்த ஒரு மனிதர் கேற்றுத் தூணைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நான் மண்டூர் உதயரூபன். முந்தியும் வந்தனான். ஏசாதங்க. இதுதான் கடைசித் தரம்."

அவள் தூணுக்கு இந்தப் பக்கம், அவருடைய வலப்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணன்... நான் இஞ்ச நிக்கிறன்."

அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். அவள் கேற்றின் கொளுக்கியைக் கழற்றினாள்.

யன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டாள். அலுமாரிக்குள்ளிருந்து தடித்த அட்டைகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக வைத்தாள். உதயரூபன் இடது கண்ணைக் கடதாசியில் முட்டும்படி வைத்தார். முதற் பக்கத்தில் தண்ணீர். வாத்தியார் ஒருபோதும் போடாத அளவுக்கு மை. முழுப் பக்கமும் கறுப்பு, நடுவில் மருதனின் முதுகு மட்டும் வெள்ளை. அவருக்குத் தெரிந்தது. இரண்டாம் பக்கத்தில் அறுந்த கயிறு பாம்பைப் போலச் சுருண்டு கீழே விழுந்தது. அதுவும் தெரிந்தது. மூன்றாம் பக்கத்தில் மருதன் தம்பியின் கையைப் பிடித்துவிட்டான். இரண்டு கைகளும் கோத்த அந்த ஒரு கட்டத்தில் உதயரூபன் வெகுநேரம் நின்றார். மூச்சுப் பட்டுக் கடதாசி ஈரமாகிவிடக் கூடாதென்று இடையிடையே முகத்தைத் திருப்பி மூச்சுவிட்டார். முப்பத்துநாலு வருடக் கேள்வி.

"அடுத்ததத் தாங்க."

அவள் நான்காவதை வைத்தாள். அவர் குனிந்தார். மேலிருந்து கீழாக, பிறகு இடமிருந்து வலமாகக் கண்ணை நகர்த்தினார். திரும்பவும் மேலே போனார்.

"இது வெறும் மட்டையெல்லா தங்கச்சி? மாறி எடுத்திட்டீங்க போல."

யசோதினி மட்டையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"மாறல்ல அண்ணன். இருக்கு. பென்சிலால கிடக்கு. அப்பா மை போடல்ல."

"ஏன்?"

"இந்தப் பக்கத்துக்கு மை போடுறதுக்கு முதல் எங்கட அண்ணன் போயிட்டான். சைக்கிள எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு மூணு பக்கமும் காட்டப் போனவன். பக்கமெல்லாம் அங்க குடுத்திருக்கான்; அதுகள அச்சகத்தாக்கள் புறகு கொண்டுவந்து தந்தாங்க. வரும்போதுதான்... இண்டைக்கு வரைக்கும் வரல்ல. எங்கட அண்ணண்ட முகத்தத்தான் அப்பா மருதண்ட தம்பிக்கு வச்சிருக்கார். இதில ரெண்டு பேரும் மேல வாறாங்க. அப்பா எத்தினயோ தரம் மையைத் திறந்து வச்சுக்கொண்டு இருந்தார். பேனையத் தோய்ப்பார், துடைப்பார், மூடி வச்சிருவார். சாகும்வரைக்கும் போடல்ல."

உதயரூபன் வெள்ளை மட்டையைப் பார்த்தபடியே இருந்தார்.

"நான் சொல்லவா? முதற்கட்டத்தில மருதன்..."

"சொல்லாதங்க!" என்று கையை நீட்டி மறித்தார். "அவங்க வாறாங்க எண்டது தெரிஞ்சிட்டு. கதை எனக்கு வேணாம். எப்பிடிக் கீறியிருக்கார் எண்டு பாக்கோணும். எங்க அழிச்சிருக்கார், எங்க கை நடுங்கியிருக்கு எண்டு பாக்கோணும். அதச் சொல்ல ஏலாது."

அவள் போனை எடுத்துப் படம் பிடித்தாள். பெரிதாக்கினாள், கறுப்பைக் கூட்டினாள். கடதாசியின் மஞ்சளும் பழைய ஈரக் கறையும் பென்சில் கோட்டோடு சேர்ந்து இருண்டன. அவர் கண்ணுக்கு அது கலங்கல் தண்ணீராகத்தான் இருந்தது. யன்னலை முழுவதும் திறந்தாள். ரோச் வெளிச்சம் அடித்தாள். ஒன்றும் சரிவரவில்லை.

"தங்கச்சி." அவர் போனை மெல்லத் தள்ளிவைத்தார். "நீங்க இதுக்கு மை போடுங்க."

"என்ன சொல்றீங்க?"

"கோட்டுக்கு மேல அப்பிடியே. கறுப்பெண்டால் எனக்குத் தெரியும். இன்னும் ஒரு மாசமோ ரெண்டு மாசமோ. புறகு அதுவும் இல்ல."

"அப்பாவால ஏலாததை என்னச் செய்யச் சொல்றீங்களா?"

அவள் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். தண்ணீர்ப் பைப் திறக்கும் சத்தம் கேட்டது. அழுகிறாளா, தேத்தண்ணி போடுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

மேசையில் அவரும் அந்த மட்டையும் மட்டும். விரல் நுனியை மட்டைமேல் ஓட்டினார். வாத்தியார் அழுத்திக் கீறுபவர். நகத்துக்கடியில் மெல்லிய பள்ளம் ஒன்று அகப்பட்டது. வளைந்து போனது. இதோ இருக்கிறது, இங்கே ஒரு கோடு இருக்கிறது. சேட்டுப் பையில் பேனை இருந்தது. அதை எப்போது எடுத்தார், எப்போது மூடியைக் கழற்றினார் என்று பிறகு எத்தனை தரம் யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை. இடக்கை நகம் பள்ளத்தில் நிற்க, வலக்கையால் அதன் பின்னாலேயே பேனையை வைத்து இழுத்தார். நீலக்கோடு ஒன்று எழும்பி வந்தது. அது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த வெள்ளை முழுவதிலும் தெரிந்தது அது ஒன்றுதான். ஆனால் அது எதன் கோடு? தோளா, அலையா, முகமா? நகம் பள்ளத்தை விட்டு விலகியிருந்தது. எப்போது விலகியது என்றும் தெரியவில்லை.

கோப்பை மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

அவள் கத்தவில்லை. மட்டை அவருடைய கைக்கடியிலிருந்து மெல்ல இழுபட்டுப் போனது. அவ்வளவுதான். அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். "போங்க," என்று மட்டும் சொன்னாள். கேற்றுவரை சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகப் போனார்.

மண்டூருக்கு வந்தவர் சாப்பிடவில்லை. அன்னப்பூரணி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து இருந்தாள். அவர் நடந்ததைச் சொன்னார். ஏசுவாள் என்று காத்திருந்தார். அவள் ஏசவில்லை.

"அந்தப் பிள்ளட அண்ணண்ட முகத்திலயா கீறினீங்க?"

"தெரியா அன்னம். அதுதானே எனக்குத் தெரியா."

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னமே இடது கண்ணில் வெளிச்சமும் இருட்டும் மட்டுமே மிஞ்சின. றங்குப்பெட்டியை அவர் திறக்கவில்லை. திறந்து என்ன செய்வது? மூடியில் கையை வைத்துக்கொண்டு பகல் முழுக்க இருப்பார். ஒரு நாள் அன்னப்பூரணியைக் கொண்டு அச்சகத்தில் வேலைசெய்தவர் தந்த இலக்கத்தைப் போனில் அழுத்தச் சொன்னார். யசோதினி எடுத்தாள்.

"நான் மன்னிப்புக் கேக்க எடுக்கல்ல தங்கச்சி," என்றார். "அது கேட்டுத் தீராது. அப்பாட பக்கமெல்லாம் என்னட்ட இருக்கு. ஊர் ஊராத் திரிஞ்சு சேத்தது. நீங்க அதுகளக் கண்டிருக்கவும் மாட்டீங்க. வந்து எடுத்துக்கொண்டு போங்க. பக்குவமா வச்சிருக்கன்."

அவர் சொல்லி முடித்ததும் லைன் அறுந்தது.

மூன்று கிழமை கழித்து அவள் பாதையால் வந்து இறங்கினாள். அன்னப்பூரணி கட்டிலில் புதுச் சீலை விரித்துப் பக்கங்களை அடுக்கினாள். யசோதினி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது கேட்டது. சிலவற்றில் மட்டும் அவளுடைய மூச்சு நின்றது. தையல்காரரின் கத்தரிக் கீறலைக் கண்டு, "தோளில இதென்ன கீறல்?" என்று கேட்டாள். அவர் ஸாஹிரைப் பற்றிச் சொன்னார். சலூனைப் பற்றிச் சொன்னார். "இது அக்கரைப்பத்துப் படம்," என்று மட்டும் சொல்லி அன்னப்பூரணி அடுத்ததை எடுத்து வைத்தாள்.

எல்லாவற்றையும் கட்டிய பிறகு அவருக்குத் தாங்கவில்லை. "ஒண்டே ஒண்ட மட்டும் விட்டிட்டுப் போறீங்களா? முதல் கிடைச்சது. கையை அழிச்சுக் கீறின பக்கம்." கேட்டபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. பார்க்க முடியாதவனுக்குப் படம் எதற்கு?

கட்டை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. மடியில் மட்டை ஒன்று வந்து விழுந்தது.

"அண்ணன், நான் அந்தக் கடைசிப் பக்கத்தையும் கொண்டு வந்திருக்கன்," என்றாள் யசோதினி. "நீங்க கீறின கோடு... அது தண்ணியிலதான் விழுந்திருக்கு. அண்ணண்ட முகத்தில படல்ல. அலைமாதிரித்தான் கிடக்கு."

உதயரூபன் அவளுடைய குரல் இருந்த பக்கம் முகத்தை உயர்த்தினார். அவளுடைய முகத்தில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

"அன்னம், நீ பார்."

மட்டை கை மாறும் சத்தம். பிறகு அன்னப்பூரணியின் வளையல் ஒருதரம் அசைந்து நின்றது. வாவிப் பக்கமிருந்து பாதையின் மணி அடித்தது; அடுத்த தரத்துக்கு ஆட்களைக் கூப்பிடுகிறார்கள்.

"என்ன புள்ள?"

"ஓம்," என்றாள் அன்னப்பூரணி. "தண்ணியிலதான்."

அவள் அதைச் சொல்ல எடுத்த நேரம் கூடிவிட்டதா, அல்லது தனக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று அவரால் அளக்க முடியவில்லை. திரும்பக் கேட்கலாம் என்று நினைத்தார். கேட்கவில்லை. யசோதினி பாதைக்கு நேரமாகிறது என்று எழும்பினாள். அன்னப்பூரணி கட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு துறைவரை அவளோடு போனாள். அவர் மடியில் கிடந்த மட்டையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி, அவர்கள் பேசிக்கொண்டு போகும் சத்தம் படலையைத் தாண்டிக் குறைந்து கேளாமல் போகும்வரை கட்டிலிலேயே இருந்தார்.